தன்னை மறக்கும் கல்லீரல்

ஈரல் சுருக்கம் என்று ஒருமுறை உறுதியாகிவிட்டால், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வயிற்றை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்வார்கள். கூடவே ஒரு ரத்தப் பரிசோதனையும் எழுதித் தருவதுண்டு. லேப் ரிப்போர்ட்டில் ‘ஏஎஃப்பி’ என்று ஒரு வரி, எதிரே ஓர் எண். ஐந்து, ஆறு என்று இருந்தால் நோயாளியும் கூட வந்தவரும் மூச்சு விட்டுக்கொள்வார்கள். நானூறைத் தாண்டி நின்றால் அன்றே சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஏஎஃப்பி என்பது ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன். கருவில் இருக்கும் குழந்தையின் ஈரல் சுரக்கும் புரதம். குழந்தை பிறந்ததும் அந்தச் சுரப்பு படிப்படியாக வற்றி, ஒரு வயதுக்கெல்லாம் ஏறக்குறைய நின்றேபோகும். மாஸ்கோவில் கேரி அபெலெவ் 1963இல் ஈரல் கட்டியுள்ள சுண்டெலிகளின் ரத்தத்தில் இதைக் கண்டார். அடுத்த ஆண்டே தத்தாரினோவ், ஈரல் புற்றுநோய் வந்த மனிதரின் ரத்தத்திலும் இருப்பதைக் காட்டினார். எல்லாக் கட்டியும் இதைச் சுரப்பதில்லை, அதனால்தான் ஸ்கேனை விட முடிவதில்லை. ஆனாலும் ஐம்பது அறுபது வயது மனிதரின் உடம்பில் ஒரு கருவின் புரதம் மறுபடி ஊறுகிறது என்பதை ஒரு நிமிடம் நின்று யோசித்துப் பார்க்கவேண்டும்.

அந்தப் புரதத்துக்கான மரபணு நான்காம் குரோமோசோமில் இருக்கிறது. அதற்கு அடுத்த வீடு ஆல்புமின் மரபணு. இரண்டும் ஒரே மூதாதை மரபணுவிலிருந்து கிளைத்தவை. பிறப்புக்குப் பின் ஒன்று மூடப்படுகிறது, பக்கத்திலேயே இருக்கும் மற்றொன்று ஆயுள் முழுக்கத் திறந்திருந்து நாள்தோறும் பத்து கிராமுக்கு மேல் ஆல்புமின் செய்ய வைக்கிறது. ஒன்றை மூடி மற்றதைத் திறந்து வைப்பது யார்? மூடியதை முதுமையில் மறுபடி திறப்பது யார்? ஈரல் புற்றுநோயைப் பற்றிய கடந்த நாற்பதாண்டு ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்தக் கேள்விகளைச் சுற்றியே நடந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மூடுவதும் திறப்பதும் மரபணு ஒழுங்குப் புரதங்களின் வேலை. ‘படியெடுப்புக் காரணிகள்’ என்பது பாடநூல் பெயர். டி.என்.ஏ. இழையில் தமக்குரிய எழுத்துக்கோவையைத் தேடிப்பிடித்து உட்கார்ந்துகொண்டு, பக்கத்து மரபணுவைப் படியெடுக்கச் சொல்லும், அல்லது தடுக்கும். மனித உடலில் இப்படி ஏறக்குறைய 1,600 புரதங்கள் உண்டு. ஈரல் செல்லிலும் மூளைச் செல்லிலும் இருபதாயிரம் மரபணுக்களும் அப்படியே ஒன்றுதான். எந்த ஒழுங்குப் புரதங்கள் பணியில் இருக்கின்றன என்பதை வைத்துத்தான் அது ஈரலா மூளையா என்பது முடிவாகிறது. பிறந்த பின் ஏஎஃப்பி மரபணுவை மூடிவைப்பவற்றில் ஒன்றின் பெயர் இசட்பிடிபி-20. அந்தப் புரதத்தைச் சுண்டெலியின் ஈரலிலிருந்து நீக்கிவிட்டால், வளர்ந்த எலியும் ஏஎஃப்பியைச் சுரந்துகொண்டே இருக்கிறது.

நோயின் அளவையும் சொல்லிவிட வேண்டும். 2022ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்குப்படி ஈரல் புற்றுநோய் புதிதாகக் கண்டவர்கள் சுமார் 8,65,000 பேர், இறந்தவர்கள் சுமார் 7,58,000 பேர். இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கி நிற்பதே இந்த நோயின் கொடுமையைச் சொல்லிவிடும். புற்றுநோய் மரணங்களில் இது மூன்றாம் இடம். இவற்றில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல், ஈரலின் முதன்மைச் செல்லான ஹெபடோசைட்டிலிருந்து பிறக்கும் வகை. இந்தக் கட்டுரை பேசுவது அந்த வகையைப் பற்றித்தான்.

முதலில் ஈரலை ஈரலாக வைத்திருப்பவற்றைப் பார்ப்போம். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டார்னெலின் ஆய்வகம், 1980களின் இறுதியில் ஈரல் செல்லுக்கே உரிய ஒழுங்குப் புரதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தது. அந்த வரிசையில் முக்கியமானது எச்என்எஃப்-4 ஆல்ஃபா. ஆல்புமின், ரத்தம் உறையவைக்கும் புரதங்கள், கொழுப்பைச் சுமக்கும் புரதங்கள், மருந்தைச் சிதைக்கும் நொதிகள் என ஈரலின் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதன் கையெழுத்து வேண்டும். இதோடு எச்என்எஃப்-1 ஆல்ஃபா, ஃபாக்ஸ்-ஏ குடும்பம், சி-இபிபி ஆல்ஃபா ஆகியவை சேர்ந்து ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கின்றன. ஒன்றின் மரபணுவை மற்றொன்று இயக்குகிறது. கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் சோர்ந்தால் மற்றவர்கள் தாங்குவார்கள், இரண்டு மூன்று பேர் ஒன்றாய்ச் சாய்ந்தால் வீடே ஆட்டம் காணும். அதே நிலைமைதான்.

சாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2002இல் பாரிஸிலிருந்து ஒரு சான்று வந்தது. ஈரலில் வரும் ஒருவகைச் சாதுக்கட்டிகளில் எச்என்எஃப்-1 ஆல்ஃபா மரபணுவின் இரு பிரதிகளுமே பழுதாகியிருப்பதை ஜெசிகா சுக்மான்-ரோசியின் குழு கண்டது. இதே மரபணுவில் ஒரு பிரதி மட்டும் பிறவியிலேயே பழுதாக இருந்தால் இளவயதில் ஒருவகைச் சர்க்கரை நோய் வரும் என்பது அதற்கு முன்பே தெரியும். ஒரே புரதம்தான். கணையத்தில் குறைந்தால் சர்க்கரை, ஈரலில் முற்றிலும் இல்லாமல் போனால் கட்டி.

எச்என்எஃப்-4 ஆல்ஃபாவின் கதை இன்னும் ஆழமானது. இந்தப் புரதம் குறைந்த ஈரல் புற்றுச் செல்களுக்குள் அதைத் திரும்பச் செலுத்தினால், செல்கள் பெருகுவதைக் குறைத்துக்கொண்டு ஈரல் செல்லின் பழைய வேலைகளுக்குத் திரும்புவதை ஷாங்காய் ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள். 2011இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு திடுக்கிட வைப்பது. அதில் எச்என்எஃப்-4 ஆல்ஃபாவைச் சிறிது காலம் மட்டும் அடக்கிவிட்டு மறுபடி விட்டுவிட்டார்கள். செல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அந்தச் சிறு இடைவெளியில், அழற்சியைத் தூண்டும் ஸ்டாட்-3 என்ற ஒழுங்குப் புரதம் எழுந்துவிட்டது. எழுந்த அது, சில குட்டி ஆர்.என்.ஏ.க்களின் வழியாக எச்என்எஃப்-4 ஆல்ஃபாவைத் தொடர்ந்து அழுத்தி வைத்தது. அடக்கியவர்கள் கையை எடுத்த பிறகும் சுழல் தானாகவே சுழன்றது. டி.என்.ஏ.வில் ஓர் எழுத்துகூட மாறாமலே ஒரு செல் புற்றின் வழியில் இறங்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சியை நான் படித்ததில்லை. வருடக்கணக்கில் அழற்சியிலேயே வெந்து கிடக்கும் ஈரலில் ஏன் புற்று வருகிறது என்ற பழைய கேள்விக்கு இங்கே ஒரு வாசல் திறக்கிறது.

இந்த இடத்தில் வைரஸைக் கொண்டுவர வேண்டும். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் மனிதரைத் தாக்கும் வைரஸ்களில் மிகச் சிறியவற்றில் ஒன்று. அதன் மரபுச் செய்தி முழுவதும் சுமார் 3,200 எழுத்துகள்தான். அவ்வளவு சிறிய இடத்துக்குள் தன் மரபணுக்களைத் தானே இயக்கிக்கொள்ள வசதி கிடையாது. அதனால் அது ஈரலின் ஒழுங்குப் புரதங்களையே வேலைக்கு வைத்துக்கொள்கிறது. எச்என்எஃப்-4 ஆல்ஃபா, ஃபாக்ஸ்-ஏ, சி-இபிபி ஆகியவை வந்து உட்காரத் தோதான இருக்கைகள் வைரஸின் டி.என்.ஏ.வில் தயாராக இருக்கின்றன. ஈரலில் மட்டும் இந்த வைரஸ் செழிப்பதற்கு, நுழைய அங்கே கதவு இருப்பது ஒரு காரணம், உள்ளே இந்தப் புரதங்கள் காத்திருப்பது இன்னொரு காரணம். செல்லின் உட்கருவுக்குள் வளையமாகத் தங்கிவிடும் அதன் டி.என்.ஏ.வை இன்றைய மாத்திரைகளால் அழிக்க முடிவதில்லை, பெருகாமல் அடக்கி வைக்கத்தான் முடிகிறது.

நம் உடம்பு சும்மா இருப்பதில்லை. குரோமோசோமுக்கு வெளியே திரியும் அந்நிய டி.என்.ஏ. வளையத்தை எஸ்எம்சி-5/6 என்ற புரதக் கூட்டம் சுற்றிப் பிடித்து ஊமையாக்கிவிடும். அதற்கு மாற்றாக வைரஸ் வைத்திருப்பது ‘எக்ஸ்’ புரதம். அது செல்லின் சொந்தக் கழிவகற்றும் இயந்திரத்தைப் பிடித்து, எஸ்எம்சி-5/6 கூட்டத்தையே குப்பை என்று முத்திரை குத்தி அழிக்க வைக்கிறது. 2016இல் இது வெளிப்பட்டபோது, முப்பது ஆண்டுகளாக ‘எக்ஸ் புரதம் எல்லா மரபணுவையும் தூண்டுகிறது’ என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்ததற்கு ஒரு கறாரான விளக்கம் கிடைத்தது. எஸ்எம்சி-5/6 நம் டி.என்.ஏ.வின் பழுதுபார்ப்பிலும் பங்குள்ளது. வைரஸ் தன் பிழைப்புக்காக அதைக் கலைக்கும்போது செல்லின் சொந்த டி.என்.ஏ.வும் காவல் குறைந்து போகிறது.

வைரஸுக்கும் புற்றுக்கும் உள்ள தொடர்பைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவியது தைவானில் பாமர் பீஸ்லி நடத்திய ஆய்வு. 22,707 ஆண்களைப் பின்தொடர்ந்து 1981இல் அவர் வெளியிட்ட முடிவு, வைரஸைச் சுமப்பவர்களுக்கு ஈரல் புற்று வரும் ஆபத்து மற்றவர்களைவிட 223 மடங்கு என்றது. 1984இல் தைவான் பிறந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. 1997இல் வந்த கணக்கு, அங்கே சிறுவர்களிடையே ஈரல் புற்று குறைந்துவிட்டதைக் காட்டியது. ஊசி போட்டுப் புற்றுநோயைத் தடுக்க முடியும் என்று மனிதகுலம் முதன்முதலில் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

தமிழ் வாசகருக்கு இங்கே சொல்லியாக வேண்டிய ஒரு சென்னைக் கதை இருக்கிறது. காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுக்காத தமிழ்க் குடும்பம் குறைவு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க் உள்ளிட்டோருடன் சேர்ந்து, 1988இல் ‘லான்செட்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார். வைரஸை நீண்டகாலம் சுமந்தவர்களுக்கு முப்பது நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில், 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்ப வரவில்லை. இன்றைக்கு வைரஸைக் கட்டுப்படுத்த நிரூபணமான மாத்திரைகள் இருக்கும்போது கீழாநெல்லியை நம்பி அவற்றை நிறுத்துவது ஆபத்து. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1997இல் தியாகராஜனும் அமெரிக்காவிலிருந்த ஆய்வாளர்களும் கீழாநெல்லிச் சாறு செல்லுக்குள் என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். வைரஸின் இருக்கைகளில் ஈரலின் சி-இபிபியும் ஃபாக்ஸ்-ஏயும் வந்து உட்காருவதை அது தடுத்தது. பாட்டி வைத்தியத்தின் ஒரு செடி, ஆய்வுக்கூடத்துத் தட்டில், மரபணு ஒழுங்குப் புரதத்துக்கும் டி.என்.ஏ.வுக்கும் இடையில் குறுக்கிட்டிருக்கிறது. மனிதரில் பலன் நிரூபணமாகாதது வேறு விஷயம். கேள்வியைச் சரியான இடத்தில் கேட்டார்கள் என்பதை மறுக்க முடியாது.

வைரஸுக்கு அடுத்தபடி பூஞ்சை. 1960இல் இங்கிலாந்துப் பண்ணைகளில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை பிடித்திருந்தது, அதன் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லையோரப் பழங்குடிக் கிராமங்களில், மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற 397 பேருக்கு ஈரல் பாதித்தது, 106 பேர் இறந்தார்கள். அதே சோளத்தைத் தின்ற நாய்களும் செத்தன. அது ஒரேயடியாய் நிறைய நஞ்சு உள்ளே போனதன் விளைவு. கொஞ்சம் கொஞ்சமாக வருடக்கணக்கில் போனால் நடப்பது வேறு. அதை 1991இல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் கண்டன.

சீனாவின் சிதோங் வட்டாரம் ஈரல் புற்றுக்குப் பேர்போனது. அங்கிருந்து எடுத்த 16 கட்டிகளில் எட்டில், பி53 மரபணுவின் 249ஆம் இடத்தில் ஒரே எழுத்து மாறியிருந்தது: பெரும்பாலும் ஜி என்ற எழுத்தின் இடத்தில் டி. தென் ஆப்பிரிக்கப் பகுதிகளின் கட்டிகளிலும் அதே இடம் அடிபட்டிருந்தது. அஃப்ளாடாக்சின் குறைவான ஊர்களில் இந்த மாற்றம் அபூர்வம். நஞ்சு ஈரலில் சிதையும்போது உண்டாகும் விளைபொருள் டி.என்.ஏ.வின் ஜி எழுத்தில் போய் ஒட்டிக்கொள்வதால் வரும் தழும்பு அது. கட்டிக்குள் எழுதப்பட்டிருக்கும் அந்த ஒரு எழுத்தைப் படித்தே, அந்த மனிதர் பல ஆண்டுகளாக என்ன சாப்பிட்டார் என்று ஊகிக்க முடிகிறது.

பி53 என்பதும் ஒரு மரபணு ஒழுங்குப் புரதம்தான். 1979இல் கண்டபோது இதைப் புற்றைத் தூண்டுவது என்றே பத்தாண்டுகள் தவறாக நினைத்தார்கள், 1989வாக்கில்தான் காப்பது என்று புரிந்தது. டி.என்.ஏ. அடிபட்டால் நான்கு பி53கள் சேர்ந்து இழையைப் பிடித்து, ‘பெருகாதே, பழுதைப் பார், முடியாவிட்டால் செத்துப்போ’ என்ற கட்டளைகளுக்கான மரபணுக்களைத் திறக்கின்றன. 249ஆம் இடத்து அமினோ அமிலம் அந்தப் பிடியைத் தாங்கும் மடிப்பில் இருக்கிறது. அது மாறினால் விரல் இருக்கும், பிடிமானம் இருக்காது. நிலக்கடலை உரிக்கும்போது சுருங்கிய, கறுத்த, கசக்கும் பருப்பை ஒதுக்கிவிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஈரத்தில் கிடந்த கடலையை வெயிலில் நன்றாகக் காயப்போட்டுப் பிறகு மூட்டை கட்டும் விவசாயி, எங்கோ ஓர் ஈரலில் அந்த ஒரு எழுத்தைக் காப்பாற்றுகிறார். சிதோங்கிலும் 1980களுக்குப் பிறகு மக்கள் மக்காச்சோளத்திலிருந்து அரிசிக்கு மாறியதும் நஞ்சின் அளவு வெகுவாகச் சரிந்தது.

புரதம் பழுதாவதைப் பார்த்தோம். அது வந்து உட்காரும் இடம் மாறினாலும் விபரீதம்தான். 2013இல் மெலனோமா என்னும் தோல் புற்றிலும், அதே ஆண்டில் ஈரல் புற்றிலும் இது தெரியவந்தது. குரோமோசோமின் நுனிகள் தேயாமல் பார்த்துக்கொள்ளும் நொதியின் மரபணு டெர்ட். முதிர்ந்த ஈரல் செல்லில் அது மூடப்பட்டிருக்கும், அதனால்தான் செல்லுக்கு ஆயுள் வரம்பு இருக்கிறது. டெர்ட் மரபணுவுக்கு முன்னால் இருக்கும் வாசல் பகுதியில் ஓர் எழுத்து மாறினால் போதும், ஜிஏபிபி என்ற ஒழுங்குப் புரதம் உட்காரப் புதிதாக ஓர் இருக்கை உண்டாகிவிடுகிறது. ஜிஏபிபி எந்தத் தவறும் செய்யவில்லை, தன் வழக்கமான எழுத்துக்கோவையைக் கண்டு வந்து அமர்கிறது. செல் சாகாவரம் பெற்றுவிடுகிறது. பிரெஞ்சு ஆய்வில் ஈரல் புற்றுக் கட்டிகளில் 59 விழுக்காட்டிலும், சுருங்கிய ஈரலில் இன்னும் புற்றாகாத சந்தேக முடிச்சுகளில் 25 விழுக்காட்டிலும் இந்த மாற்றம் இருந்தது. அதாவது கதையின் முதல் அத்தியாயங்களிலேயே இது நடந்துவிடுகிறது. ஹெபடைட்டிஸ் பி வைரஸும் தன் டி.என்.ஏ. துண்டை மனித டி.என்.ஏ.வுக்குள் செருகும்போது, புற்றுக் கட்டிகளில் அது அடிக்கடி செருகிக் கிடப்பது இதே டெர்ட் வாசலில்தான். வேறு வேறு பாதைகள் ஒரே கதவில் வந்து முட்டுவதைப் பார்க்கும்போது, அந்தக் கதவு எவ்வளவு முக்கியம் என்று புரிகிறது.

இனி வளர்ச்சிப் புரதங்கள். ஈரலுக்கு மட்டும் ஒரு தனிச் சக்தி உண்டு. எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டியெடுத்தாலும் மீதி வளர்ந்து ஒன்றிரண்டு வாரத்தில் பழைய எடைக்கு வந்துவிடும் என்று 1931இலேயே ஹிக்கின்ஸும் ஆண்டர்சனும் எழுதிவைத்தார்கள். வளரத் தெரிந்தது போலவே, எங்கே நிறுத்த வேண்டும் என்றும் ஈரலுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ‘நிறுத்து’ எங்கிருந்து வருகிறது என்பதற்கான விடை பழ ஈயில் கிடைத்தது. ஹிப்போ என்ற மரபணு கெட்டால் ஈயின் உறுப்புகள் நீர்யானை மாதிரிப் பருத்துவிடும். பாலூட்டிகளில் அந்தப் பாதையின் கடைசியில் இருப்பது யாப் என்ற புரதம். தானாக டி.என்.ஏ.வைப் பிடிக்காது, டீட் என்ற ஒழுங்குப் புரதத்தின் தோளில் ஏறிக்கொண்டு வேலை செய்யும். 2007இல் துவோஜியா பானின் குழு சுண்டெலியின் ஈரலில் யாப்பை அதிகமாக்கியபோது, உடல் எடையில் ஐந்து விழுக்காடு இருந்த ஈரல் இருபத்தைந்து விழுக்காடு வரை வளர்ந்தது. விலாவுக்குக் கீழே வயிறு முழுக்க ஈரல். யாப்பை நிறுத்தியதும் ஈரல் பழைய அளவுக்குச் சுருங்கியது. நிறுத்தாமல் விட்டால் புற்றானது.

இதையும் மிஞ்சுவது 2004இல் ஸ்டான்ஃபோர்டில் டீன் ஃபெல்ஷரின் குழு செய்த சோதனை. மிக் என்ற வளர்ச்சிப் புரதத்தை வேண்டும்போது இயக்கவும் நிறுத்தவும் முடிகிற சுண்டெலிகளை உருவாக்கினார்கள். மிக் இயங்கியபோது ஈரல் முழுக்கப் புற்று. நிறுத்தியதும் கட்டி கரைந்தது. ஆனால் எல்லாச் செல்களும் சாகவில்லை. புற்றுச் செல்களில் ஒரு பகுதி, ஈரல் செல்லாகவும் பித்தநாளச் செல்லாகவும் உருமாறி, பார்வைக்குச் சாதாரண ஈரல் போலவே அமைதியாக உட்கார்ந்துவிட்டது. மாதக்கணக்கில் அப்படியே இருந்தது. மிக்கை மறுபடி இயக்கியதும் அதே செல்கள் புற்றாக எழுந்தன. நல்ல செய்தியும் அச்சமூட்டும் செய்தியும் ஒரே சோதனையில் வந்திருக்கின்றன. புற்றுச் செல்லுக்குத் தான் ஈரல் என்பதை நினைவூட்ட முடிகிறது, ஆனால் அது புற்றாக இருந்ததையும் மறப்பதில்லை.

பீட்டா-கேட்டனினைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கலாம். ஈரல் புற்றுகளில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை இதன் மரபணு மாறியிருக்கும். டிசிஎஃப் என்ற ஒழுங்குப் புரதத்தோடு கைகோத்து வேலை செய்யும். இந்த வகைக் கட்டிகளுக்குள் நோயெதிர்ப்புச் செல்கள் அதிகம் நுழைவதில்லை என்பது இன்றைய சிகிச்சைக்கு முக்கியமான தகவல்.

இதுவரை சொன்னதில் நல்ல புரதம், கெட்ட புரதம் என்று இரண்டு கட்சிகள் இருப்பதுபோல் தோன்றலாம். பத்திரிகைச் செய்திகளும் அப்படித்தான் எழுதுகின்றன. இந்தத் துறை கற்றுத்தந்த மிகக் கடினமான பாடம் அதற்கு நேர் எதிரானது. என்எஃப்-கப்பா-பி என்ற அழற்சிப் புரதத்தை எடுத்துக்கொள்வோம். ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் 1986இல் கண்டது. 2004இல் ஜெருசலேம் குழு ஒன்று, பித்தத் தேக்கத்தால் ஈரல் அழற்சி வரும் சுண்டெலிகளில் இதை அடக்கியபோது புற்று குறைந்தது என்றது. அடுத்த ஆண்டே கலிஃபோர்னியாவில் மைக்கேல் கேரினின் குழு, ரசாயனம் கொடுத்துப் புற்று வரவழைக்கும் சுண்டெலிகளின் ஈரல் செல்லில் இதே பாதையைத் துண்டித்தபோது புற்று பெருகியது என்றது. இரண்டும் உண்மை. ஈரல் செல்லுக்குள் இது உயிர் காக்கும் புரதம். இல்லாவிட்டால் செல்கள் மளமளவெனச் சாகும், எஞ்சியவை இடத்தை நிரப்ப அவசரமாகப் பெருகும், அந்த அவசரத்தில் பிழைகள் சேரும். ஏற்கெனவே கெட்டுப்போன செல்லுக்கும் இது அதே உயிரைத்தான் காத்துக்கொடுக்கிறது. என்ஆர்எஃப்-2 கதையும் இப்படித்தான்: அஃப்ளாடாக்சினை முறிக்கும் நொதிகளைத் திறந்து ஈரலைக் காப்பதும் அதுவே, மரபணு மாறி ஓயாமல் இயங்கத் தொடங்கினால் புற்றுச் செல்லுக்குக் கவசமாவதும் அதுவே. எந்தச் செல்லில், நோயின் எந்தக் கட்டத்தில் என்று கேட்காமல் ‘இந்தப் புரதத்தை அடக்கினால் புற்று அடங்கும்’ என்று எழுதும் ஒவ்வொரு ஆய்வறிக்கையையும் நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

ஆண்களுக்கு ஈரல் புற்று பெண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். குடிப்பழக்கம்தான் காரணம் என்று தள்ளிவிடுவார்கள். ஆனால் ஒரு சொட்டு மதுவும் தொடாத சுண்டெலிகளிலும் இதே வேறுபாடு இருக்கிறது. 2012இல் பென்சில்வேனியாவில் கிளாஸ் கேஸ்ட்னரின் குழு ஈரலிலிருந்து ஃபாக்ஸ்-ஏ1, ஃபாக்ஸ்-ஏ2 இரண்டையும் நீக்கிப் பார்த்தது. நிலைமை தலைகீழானது: ஆண் எலிகளுக்குப் புற்று குறைந்தது, பெண் எலிகளுக்குக் கூடியது. பெண் ஹார்மோனின் ஏற்பியும் ஆண் ஹார்மோனின் ஏற்பியும் டி.என்.ஏ.வில் உட்கார ஃபாக்ஸ்-ஏதான் இடம் ஒழுங்கு செய்து தருகிறது. முதல் ஏற்பி காக்கிறது, இரண்டாவது கெடுக்கிறது, இடம் தருபவர் ஒருவரே. அப்படியானால் ஹார்மோன் மருந்து உதவுமா? மார்பகப் புற்றுக்குத் தரும் டமாக்சிஃபெனை இத்தாலியில் 496 நோயாளிகளைக் கொண்டு சோதித்து 1998இல் முடிவு சொன்னார்கள்: ஆயுள் நீளவில்லை. சுண்டெலியிலிருந்து மனிதருக்கான தூரம் அவ்வளவு.

சிகிச்சையில் இந்த அறிவு எங்கே வந்து நிற்கிறது? நேர்மையாகச் சொன்னால், வாசலில். 2007இல் வந்த சொராஃபெனிப் சராசரி ஆயுளை 7.9 மாதத்திலிருந்து 10.7 மாதமாக்கியது. 2020இல் அட்டிசோலிசுமாபும் பெவாசிசுமாபும் சேர்ந்த சிகிச்சை, ஓராண்டு தாண்டி உயிரோடு இருப்பவர்களை 54.6 விழுக்காட்டிலிருந்து 67.2 ஆக உயர்த்தியது. இந்த மருந்துகள் எதுவும் ஒழுங்குப் புரதங்களைக் குறிவைப்பவை அல்ல. காரணம் வடிவம்தான். நொதிக்கு ஒரு பள்ளம் இருக்கும், மருந்து மூலக்கூறு அதில் போய் அடைத்துக்கொள்ளும். மிக் போன்ற ஒழுங்குப் புரதத்துக்குப் பிடித்துத் தொங்க ஒரு குழிகூடக் கிடையாது.

ஆனால் கதவு முழுவதும் அடைபடவில்லை. சிறுநீரகப் புற்றில் எச்ஐஎஃப்-2 ஆல்ஃபா என்ற ஒழுங்குப் புரதத்தின் உள்ளே ஒரு சிறு பொந்து கண்டுபிடித்து, அதில் பொருந்தும் பெல்சுடிஃபான் 2021இல் ஒப்புதல் பெற்றது. ஈரலில் கவனிக்கத்தக்கது சால்-4. கருவின் ஈரலில் இருந்து, பிறந்த பின் மறைந்து, சிலரின் புற்றில் ஏஎஃப்பி போலவே மறுபடி தலைகாட்டும் ஒழுங்குப் புரதம். அது தோன்றும் கட்டிகள் கொடியவை என்று 2013இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2018இல் இன்னோர் உண்மை வெளிவந்தது. 1950களின் இறுதியில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் வளராமல் பிறக்கக் காரணமான தாலிடமைடு, கருவின் செல்லில் சிதைக்கும் புரதங்களில் ஒன்று சால்-4. அறுபது ஆண்டுப் புதிர் அவிழ்ந்த அதே கணத்தில், ‘மருந்தே எட்டாது’ என்று கைவிட்ட ஒரு வகைப் புரதத்தை ஒரு சிறு மூலக்கூறு செல்லின் குப்பைத்தொட்டிக்கு அனுப்ப முடியும் என்பதும் தெரிந்தது. அந்தக் குழந்தைகளின் துயரத்திலிருந்து பிறந்த அறிவு இது. கையாளும்போது அந்த நினைவு கூடவே இருக்கவேண்டும்.

அழிப்பதற்குப் பதிலாக நினைவூட்டும் வழியும் இருக்கிறது. ஜப்பானில் முத்தோவின் குழு 1996இல், ஈரல் கட்டியை நீக்கிய 89 பேரில் ஒரு பாதிக்கு வைட்டமின் ஏயை ஒத்த ஒரு மருந்தைக் கொடுத்தது. அது உட்கருவில் இருக்கும் ஒழுங்குப் புரதங்களான ரெட்டினாய்டு ஏற்பிகளின் வழியாக வேலை செய்யும். மருந்து பெற்ற 44 பேரில் 12 பேருக்கும், பெறாத 45 பேரில் 22 பேருக்கும் மறுபடி கட்டி வந்தது. பின்னாளில் நடந்த பெரிய சோதனை அதே வெற்றியைத் தரவில்லை. லண்டனில் நாகி ஹபீபும் கூட்டாளிகளும், சி-இபிபி ஆல்ஃபா மரபணுவைத் தட்டியெழுப்பும் ஒரு குட்டி ஆர்.என்.ஏ.வைக் கொழுப்புக் குமிழியில் வைத்து நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். மனிதரில் அந்த வகை மருந்து அதுவே முதல் முறை. பாதுகாப்பைப் பார்க்கும் சிறிய சோதனை அது, பலனை இப்போதே பேச முடியாது.

இந்தச் சோதனைகள் எதைக்கொண்டு அளக்கப்படுகின்றன என்பதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. புற்றுமருந்தின் வெற்றியை ஸ்கேனில் கட்டி எத்தனை மில்லிமீட்டர் சுருங்கியது என்று அளப்பது, செல்லைக் கொல்லும் மருந்துகளின் காலத்து வழக்கம். ஃபெல்ஷரின் சுண்டெலியில் உருமாறிய செல்கள் எங்கும் போகவில்லை, ஈரலாக அங்கேயே இருந்தன. மனிதரிலும் ஒரு மருந்து கட்டியைப் பாதி ஈரலாக மாற்றிவிட்டால், ஸ்கேனில் அது பழைய அளவிலேயே தெரியலாம், மருந்து தோற்றதாகக் கணக்கில் ஏறலாம். எச்என்எஃப்-4 ஆல்ஃபாவையோ சி-இபிபி ஆல்ஃபாவையோ எழுப்பும் மருந்தைச் சோதிப்பவர்கள், கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த திசுவில் ஆல்புமின் மரபணு திறந்ததா, ஏஎஃப்பி மரபணு மூடியதா என்றுதான் முதலில் பார்க்கவேண்டும். நான்காம் குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கும் அந்த இரண்டு மரபணுக்களும் ஸ்கேனுக்கு முன்பே பதில் சொல்லிவிடும்.